மூன்றாம் எண் கூண்டு

அடைவைத்த பத்தொன்பதாம் நாள் மதியம்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டதாக
ஆய்வகத்தில் எட்டிப் பார்த்துச் சொன்னார் வாட்ச்மேன்.
எனக்கு வேறொரு கூண்டு ஞாபகம் வந்தது.

புதுப்பாளையத்தில்
கொல்லை என்று சொல்லக் கூசும் பன்னிரண்டடி உப்பு மண்.
ஒரு அவரைப் பந்தல், ஐந்து கத்தரி.
கீரைப் பாத்தி என்று ஒன்று
முளைத்த மூன்றாம் நாள் வரை இருக்கும்.
அதற்குமேல் கோழிகள் பொறுப்பு.

தீவனம், வலை, கூண்டடித்த ஆசாரியின் கூலி
எல்லாம் கூட்டி வகுத்து
முட்டை ஒன்று நாற்பத்தோரு ரூபாய் விழுகிறது
என்றார் பூவராகன்,
எண்பத்திரண்டு ரூபாய் ஆம்லெட்டைப் பிட்டுக்கொண்டே.

சாம்பல் கோழி வெறும் உமிமேல்
அடைக்கு உட்கார்ந்தது.
தண்ணீரில் முக்கு என்றார்கள்.
மூக்கில் இறகைச் செருகு என்றார்கள்.
முக்கினேன்.
சொட்டச் சொட்டப் போய் அதே குழியில் உட்கார்ந்தது.
அதன் கண்ணுக்கு எதிரில்தான் நின்றேன்,
அதில் நான் இல்லை.

ரெட்டிச்சாவடி குணவதியிடம்
சிறுவிடை முட்டை ஒன்பது வாங்கி
தூக்குச்சட்டித் தவிட்டில் புதைத்து
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
ஸ்கூட்டரில் பாதி எழுந்து நின்று வந்தேன்.
"இடி இடிச்சா முட்டை கலங்கிடும்,
ஒரு இரும்பு போட்டு வை" என்றிருந்தாள்.
பிள்ளைகளுக்கு ஊசலும் நிறுத்துகடிகாரமும்
எடுத்துக்கொடுத்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள் நான்.
சிரித்தேன்.
அன்று ராத்திரி முதல் இடிக்கு
டார்ச்சோடு போய்
ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய லாடக் காந்தத்தை
உமிக்குள் செருகினேன்.

ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஏழு முட்டையில் சிவப்பு நூல்.
இரண்டு வெறும் விளக்கு.

இப்போது புயல்.
தானே வந்த வருஷத்தை மறக்காத ஊர்.
தெருவே மெழுகுவத்திக்கும் பாலுக்கும் நிற்க
நான் யோசித்தது இதைத்தான்:
அடைக்கோழியை நகர்த்தக் கூடாது.
நகர்த்தாமலும் முடியாது.

மீன்பெட்டியோடு அப்படியே
ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லுங்கி போர்த்தி,
வாஷிங் மெஷின் ஓரம் இறக்கினோம்.
எழுந்திருக்கவில்லை.
மற்ற இரண்டும் குளியலறையில்,
வாளி விளிம்பில் உட்கார்ந்து
எங்கள் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
தகரம் ஒன்று எங்கோ
யார் வீட்டுதென்று தெரியாமல் அடித்துக்கொண்டது.
காற்று மூச்சு வாங்கும் இடைவெளியில்
பெட்டிக்குள்ளிருந்து
கீச்.
ஓட்டுக்கு உள்ளிருந்துதான்.
கோழி பதில் சொன்னது,
பகலில் ஒருநாளும் கேட்டிராத அடித்தொண்டையில்.
தரையில் குப்புறப் படுத்து
பெட்டியில் காது வைத்திருந்தார் பூவராகன்.
"இன்னொண்ணு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
"இல்ல, அதேதான்."

காலையில் ரேடியோ சொன்னது:
ஓங்கோல் பக்கம் திரும்பிவிட்டதாம்.
வாங்கிய ரொட்டியை என்ன செய்வதென்று
தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
எங்களுக்கு வந்தது வெறும் காற்றுதான்.
அதற்கே அவரைப் பந்தல் சரிந்து
காலிக் கூண்டின்மேல் படுத்திருந்தது.
ஒரு கால் முறிவு.

துறைமுகத்தில் கூண்டை இறக்கிய அன்று
ஐந்து பொரிந்திருந்தன.
மறுநாள் கோழி எழுந்தது,
ஐந்தையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனது.
மிச்சம் இரண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
எனக்குத்தான் மனசு வராமல்
சாயங்காலம்வரை கையில் வைத்திருந்தேன்.
பிறகு கத்தரிக்கு அடியில் புதைத்தேன், ஆழமாக,
கிளறுகிறவர்கள் கூடிவிட்டார்களே.

உமியைக் கொட்டும்போது
லாடக் காந்தம் தனியாக வரவில்லை.
ஓர் ஆணியைக் கவ்விக்கொண்டு வந்தது.
ஆசாரி விட்டுப்போனது,
லேசாகத் துரு,
கூர் மழுங்கவில்லை.
அந்த ஆணியையே
கூண்டின் முறிந்த காலுக்கு அடித்தார் பூவராகன்.
கணக்கில் சேர்க்கவில்லை.